நம் வக்கீல் யாருக்கு வக்கீல்?

வன்கொடுமை வழக்கோ நிலத் தகராறோ வந்துவிட்டால் நம் மக்கள் முதலில் விசாரிப்பது, "நல்ல வக்கீல் யாரு?" என்பதைத்தான். கோர்ட்டில் நன்றாகப் பேசுவாரா, ஃபீஸ் எவ்வளவு கேட்பார், போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவாரா என்று நாலு பேரிடம் கேட்கிறோம். அந்த வக்கீல் ஏற்கெனவே எதிர்த்தரப்புக்கு வேண்டியவரா என்பதை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம். படித்தவரைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில நேரம் ஒரு நிலமாக இருக்கும், சில நேரம் ஒரு கொலை வழக்காகவே இருக்கும்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு வழக்கறிஞர் அப்படி இரண்டு பக்கமும் நிற்கிற நிலையைச் சட்டத் துறையில் நலமுரண் என்கிறார்கள். உங்கள் நலனைக் காக்க வேண்டிய வழக்கறிஞருக்கு, அதற்கு எதிரான இன்னொரு நலனும் கையில் இருப்பதுதான் நலமுரண். அது எதிராளியின் நலனாக இருக்கலாம், அவருடைய சொந்த நலனாக இருக்கலாம், அவருக்கு ஃபீஸ் கொடுக்கிற மூன்றாவது ஆளின் நலனாகவும் இருக்கலாம். அவர் கெட்டவர் என்றோ துரோகம் செய்துவிட்டார் என்றோ இதற்குப் பொருள் இல்லை. ஒரே மனிதர் இரண்டு பக்கம் இழுக்கப்படுகிறார் என்பதுதான் பொருள். எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் வழக்கு சாய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

தாலுகா கோர்ட்டின் நிலவரம்

நம் தாலுகா தலைநகரங்களில் வழக்கு நடத்தும் வக்கீல்கள் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அரிசி ஆலைக்காரர், ஃபைனான்ஸ் கம்பெனி, தனியார் பள்ளி, பெரிய நிலக்காரர், உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் என்று வசதி உள்ள ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஒரு வக்கீல் இருப்பார். பத்திரம் எழுதுவது முதல் செக் மோசடி வழக்கு வரை அவர்தான் பார்ப்பார். வருடம் முழுக்க அவருக்கு அங்கிருந்து வருமானம் வரும். நம் காலனியிலிருந்து போகும் கூலிக்காரரோ வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்தப் படியேறுகிறார். இந்த இரண்டு பேரும் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றால், அந்த வக்கீலின் மனம் யாரை இழக்கத் தயங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாம் அந்த வக்கீலிடம் போய்ச் சேரும் வழியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர் நம்மை அழைத்துக்கொண்டு போகிறார். வேலை கொடுக்கிற நிலக்காரராக, வட்டிக்குப் பணம் கொடுத்தவராக, முன்னாள் தலைவராக அவர் இருப்பார். "நம்ம வக்கீல்தான், ஃபீஸ நான் பாத்துக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்பார். உதவி போலத்தான் இருக்கும். ஆனால் ஃபீஸ் கொடுத்தவர் சொல்லும் இடத்தில் வழக்கு நின்றுவிடும் அபாயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டம் சொல்வது

வழக்கறிஞர்களின் தொழிலை 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தின்படி இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகள், வக்கீல் தன் கட்சிக்காரரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. அவற்றில் சிலவற்றை நம் மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, 14-ம் விதி. வழக்கை ஏற்கும்போதும், வழக்கு நடக்கும் காலம் முழுவதும், எதிர்த்தரப்பினரோடு தனக்கு உள்ள தொடர்பையும் அந்த விவகாரத்தில் தனக்கு உள்ள அக்கறையையும் வக்கீல் கட்சிக்காரரிடம் முழுமையாக, ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற நம் முடிவை மாற்றக்கூடிய எதையும் அவர் மறைக்கக் கூடாது. நாம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. கேட்காமலே சொல்ல வேண்டியது அவர் கடமை.

இரண்டாவது, 33-ம் விதி. ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர், மனு எழுதிக் கொடுத்தவர், ஆஜரானவர் பிறகு அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்காக வாதாடக் கூடாது.

மூன்றாவது, 19-ம் விதி. கட்சிக்காரர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஆள் தவிர வேறு யார் சொல்வதைக் கேட்டும் வக்கீல் செயல்படக் கூடாது. பணம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கட்சிக்காரர்.

நான்காவது, 20-ம் விதி. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும் கூடாது.

வழக்கைக் கைவிட்ட பிறகும் ரகசியம் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்சிக்காரர் தன் வக்கீலை நம்பிச் சொன்னதை, அவர் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இதுவே 126-ம் பிரிவாக இருந்தது.

இவையெல்லாம் ஏட்டளவில் மட்டும் இருப்பவை அல்ல. ராஜஸ்தானில் ஒரு குற்ற வழக்கில் ஒரு தரப்புக்கு இருந்த வக்கீல் பிறகு மறு தரப்புக்கு மாறிவிட்டார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவரால் அமர்த்தப்பட்ட வக்கீல் மறு தரப்பின் வழக்கை ஏற்பது தொழில்நெறிக்கு விரோதம் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா உண்மைகளையும் சொல்லி, சம்பந்தப்பட்ட அனைவரின் வெளிப்படையான சம்மதத்தையும் பெறாமல் முரண்பட்ட நலன்களுக்காக ஆஜராகக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

நம் வழக்குகளில் எங்கே ஒளிந்திருக்கிறது?

நம் மக்களுக்கு எதிரே வரும் நலமுரண் எப்போதும் பட்டப்பகலில் தெரிவதில்லை. அதிகம் கவனிக்க வேண்டியது எதிர்வழக்கு. வன்கொடுமைப் புகார் கொடுத்த அன்றே, சில நேரம் அதற்கு முன்பே, நம் இளைஞர்கள் நாலு பேர் மீது எதிர்த்தரப்பு ஒரு புகார் கொடுத்துவிடுகிறது. ஒரே காலனியில் ஒரு வீட்டில் பாதிக்கப்பட்டவர், அடுத்த வீட்டில் குற்றம் சாட்டப்பட்டவர். "எல்லாம் நம்ம ஜனங்கதானே" என்று இரண்டு பேருக்கும் ஒரே வக்கீலை வைக்கிறோம். ஒற்றுமை என்ற வகையில் அது நியாயமாகத்தான் படுகிறது.

சில மாதம் கழித்துப் பேச்சு வருகிறது. "நீங்க அந்த கேஸ்ல ஆர்வம் காட்டாதீங்க, நாங்க இந்த கேஸ விட்டுடறோம்." குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்கு அது விடுதலை. போலீஸ் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகக் காத்திருப்பவர் அவர். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கோ அது நீதியின் முடிவு. ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் எப்படி நேர்மையான ஆலோசனை சொல்ல முடியும்? ஒருவருக்கு நல்லது சொன்னால் மற்றவருக்குக் கெடுதல். இப்படிப்பட்ட பேரத்தில் அடிக்கடி விற்கப்படுவது பெண்களின் வழக்கும், ஆண் துணை இல்லாத குடும்பத்தின் வழக்கும்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ராஜியாகிவிடக்கூடியவை அல்ல. அதனால் இந்தப் பேரத்தின்படி சாட்சிகள் பிறழ்கிறார்கள், வழக்கு தோற்கிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வக்கீல், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேறொரு வக்கீல் என்று முதல் நாளே பிரித்துவைப்பது. ஒற்றுமைக்கு இதனால் பங்கம் வராது.

அடுத்தது நிலம். விற்பவர் நம்மவர், வாங்குபவர் வசதியானவர் என்றால், பத்திரம் எழுதும் வக்கீலை அழைத்து வருபவர் வாங்குபவர்தான். அவர் வாங்குபவரின் வக்கீல். விற்பவருக்கும் அவரே யோசனை சொல்வார். அது பஞ்சமி நிலமாக இருந்தால் என்ன ஆகும்? 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய அந்த நிலங்களைப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. அதை விற்பவரிடம் எடுத்துச் சொல்லும் ஆள் அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். குடும்பப் பாகப்பிரிவினையிலும் இதே கதைதான். அண்ணன் தம்பிக்கும், கட்டிக்கொடுத்த தங்கைக்கும் சேர்த்து ஒரே வக்கீல் விடுதலைப் பத்திரம் எழுதுகிறார். தங்கை எதை விட்டுக்கொடுக்கிறார் என்று அவரிடம் யார் சொல்வது?

மூன்றாவது இழப்பீடு. சாலை விபத்து வழக்குகளில் "பர்சன்டேஜ்" பேசுவது ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாக அரசு தரும் தீருதவித் தொகையிலும் பங்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதுவும் நலமுரண்தான். தொகை சீக்கிரம் கைக்கு வந்தால் வக்கீலுக்கு லாபம், பொறுத்திருந்து முழுதாக வாங்கினால் கட்சிக்காரருக்கு லாபம் என்ற நிலை வரும்போது, பங்கு பேசியவர் எதைச் சொல்வார்? தீருதவித் தொகை அரசு பாதிக்கப்பட்டவருக்குத் தருவது. அதில் பங்கு கேட்க வக்கீலுக்கோ, இடையில் நிற்கும் எவருக்குமோ உரிமை இல்லை.

அரசு வழக்கறிஞர் நம் வக்கீலா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கை நடத்துவது அரசு. அரசு வழக்கறிஞர் அரசின் வக்கீல். அவர் நமக்காகத்தான் வாதாடுகிறார் என்றாலும், நாம் அவருடைய கட்சிக்காரர் அல்ல. நாம் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, வக்காலத்தும் கொடுக்கவில்லை.

ஆனால் வன்கொடுமை வழக்கில் சட்டம் நமக்குச் சில வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. 1995-ம் ஆண்டு விதிகளில் 4-வது விதி, மாவட்ட ஆட்சியர் அவசியம் என்று கருதினாலோ, பாதிக்கப்பட்டவர் விரும்பினாலோ, சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்த அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர் ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. கட்டணம் அரசுடையது. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆட்சியர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் ஆய்வு செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்புக்கும் உறவோ தொடர்போ இருப்பதாகத் தெரிந்தால் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவிலும் எழுப்பலாம்.

கோகுல்ராஜ் வழக்கு இதற்குச் சான்று. 2015-ல் கொல்லப்பட்ட அந்த இளைஞரின் தாய் சித்ரா, வழக்கு நடக்கும் இடத்தையும் நடத்தும் வழக்கறிஞரையும் குறித்து நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. முன்பு இருந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. தன் மகனின் வழக்கை யார் நடத்த வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு, கேட்டால் கிடைக்கவும் செய்யும் என்பதற்காகச் சொல்கிறோம்.

அரசு வழக்கறிஞர் இருக்கும்போதே, அவருக்குத் துணையாக நாம் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் முதல் தண்டனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறது. அந்தக் குரலை எடுத்துச் சொல்லும் வக்கீல் முழுக்க நம்முடையவராக இருக்க வேண்டும்.

எது நலமுரண் இல்லை?

சந்தேகம் நல்லது, ஆனால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் வழக்கு நடக்காது. நம் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் கோர்ட் வாசலில் ஒன்றாக டீ குடிப்பது துரோகம் இல்லை. அவர்கள் ஒரே இடத்தில் தொழில் செய்பவர்கள். தோற்றுப்போகும் என்று வக்கீல் முகத்துக்கு நேராகச் சொல்வதும் துரோகம் இல்லை. பல நேரம் அதுதான் நேர்மை.

வக்கீலின் சாதியும் நலமுரண் இல்லை. பிற சாதியில் பிறந்து நம் வழக்குகளை உயிரைக் கொடுத்து நடத்தியவர்கள் இருக்கிறார்கள். நம் சாதியிலேயே பிறந்து எதிர்த்தரப்பு நிலக்காரருக்கு நிரந்தர வக்கீலாக இருப்பவரும் இருக்கலாம். பார்க்க வேண்டியது பிறப்பை அல்ல, தொடர்பை. அவருக்கு எதிர்த்தரப்போடு பணத் தொடர்போ, உறவோ, பழைய வழக்குத் தொடர்போ இருக்கிறதா? இருந்தால் அதை மறைக்காமல் சொன்னாரா? இந்த இரண்டு கேள்விகள் போதும்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "சார், தப்பா நெனைக்காதீங்க. எதிர்த்தரப்புல யாருக்காவது நீங்களோ உங்க ஆபீஸ்ல வேற யாராவதோ கேஸ் பாத்திருக்கீங்களா? அவங்களோட உறவு, கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும். நேர்மையான வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். தொடர்பு உண்டு என்று அவரே சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம்.

வெற்று வக்காலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. வழக்கமாக அச்சடித்த வக்காலத்தில், ராஜி செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும், பணம் பெறவும் அதிகாரம் கொடுக்கும் வரிகள் இருக்கும். அவற்றை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். வேண்டாத வரியை அடிக்கச் சொல்லலாம். வெற்றுப் பத்திரத் தாளிலும் வெற்று வெள்ளைத் தாளிலும் எக்காரணம் கொண்டும் கையெழுத்து வேண்டாம். கொடுக்கும் பணத்துக்கு ரசீதும், தாக்கல் செய்யும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலும் கேட்டு வாங்கி ஒரு பையில் பத்திரமாக வைக்க வேண்டும்.

வழக்கின் நடுவில் தொடர்பு தெரியவந்தால் வக்கீலை மாற்றலாம். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். அவர் மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். "ஃபீஸ் பாக்கி, கட்டு தர மாட்டேன்" என்று வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழி உண்டு.

பணம் இல்லையே என்று பிரமுகரின் வக்கீலிடம் போக வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அப்படி நியமிக்கப்படுபவர் நம்மிடம் ஃபீஸ் வாங்கக் கூடாது. அவருக்கும் எதிர்த்தரப்புத் தொடர்பு இருந்தால், வேறொருவரைத் தரும்படி குழுவிடமே கேட்கலாம்.

உண்மையாகவே துரோகம் நடந்துவிட்டால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. வக்கீலின் பணி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ம் பிரிவின்படி பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து, கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் புகாரை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அங்கே பேசுவது காகிதம்தான். அதனால்தான் ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இந்தப் பத்தியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் யாராவது முதல் முறையாக வக்கீல் ஆபீசுக்குப் போகிறார்கள் என்றால், கூடப் போங்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். வக்காலத்தை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் பாட்டிக்கோ சித்தப்பாவுக்கோ அவர்கள் முன்னாலேயே உரக்க வாசித்துக் காட்டுங்கள். எதிர்த்தரப்புத் தொடர்பு பற்றி அவர்கள் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள். வக்கீல் என்ன பதில் சொன்னார் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அதற்குப் பிறகு கைநாட்டு வைக்கலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும்.